இடது வரிசை மூன்றாம் வீடு

தரங்கம்பாடி
22-1-1978

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் சுந்தராம்பாள் எழுதுவது. பொங்கல் நல்லபடியாகக் கழிந்ததா? நானும் பையனும் சுகம். அவருக்குத்தான் மார்கழிப் பனி ஒத்துக்கொள்ளாமல் கொஞ்சம் வயிற்று நோவு. இப்போது தேவலை.

நிற்க. நம் ஜெயாவுக்கு ஓர் இடம் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவேதான். பையன் பெயர் அரங்கநாதன், தாலுகா ஆபீசில் கிளார்க். தகப்பன் இல்லை, அம்மாதான் எல்லாம். நம் பக்கத்து ஆட்கள். ஜெயாவின் ஜாதகத்தைக் காட்டிவிட்டேன், பொருந்தியிருக்கிறது. என் பையன் மட்டும் பெரியவனாக இருந்திருந்தால் முறைப்படி நானே அவளைக் கேட்டிருப்பேன். என்ன செய்வது, அவன் மூன்றாம் வகுப்புதான் படிக்கிறான்.

நான் வாக்கப்பட்டு வந்து பதினோரு வருஷமாகிறது. நீங்கள் ஒருமுறைகூட இங்கே வந்ததில்லை. நடவு, களை, அறுப்பு என்று உங்களுக்கு எப்போதும் ஏதாவது ஒன்று. இந்தத் தெருவைப் பார்த்தால் இதைப் போய்த் தெரு என்கிறாளே என்று சிரிப்பீர்கள். வரிசைக்கு ஐந்து வீடுதான். ஒரு முனை ஊர் வாசல் பக்கம், மறு முனை கடல். டேனிஷ்காரன் காலத்தில் சரக்கு அடுக்கக் கட்டியதாம். பண்டகசாலைத் தெரு என்று பெயர். சுவர் யானை மொத்தம். எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி தூண், ஒரே மாதிரி பச்சைக் கதவு. வெளிநாட்டுக்காரர்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டே இருப்பார்கள். நாங்கள் அவர்கள் எதிரிலேயே துணி காயப்போட்டுக்கொண்டிருப்போம்.

மாசி பிறந்ததும் வந்து பாருங்கள். ஆனால் அண்ணா, உங்கள் கோபத்தைத் தா.பழூரிலேயே வைத்துவிட்டு வரவேண்டும்.

உங்கள் தங்கை
சுந்தராம்பாள்


தா.பழூர்
3-2-1978

அன்புத் தங்கை சுந்தராவுக்கு அண்ணன் நல்லுசாமியின் ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் சௌக்கியம். செவலைப் பசு கிடாரி போட்டிருக்கிறது. மாப்பிள்ளைக்கு வயிற்று நோவு என்று எழுதியிருக்கிறாய். சீரகத்தை வறுத்துக் கஷாயம் வைத்துக் கொடு. கடைக் காப்பியை நிறுத்தச் சொல்.

என் கோபத்தைப் பற்றி எழுத உனக்கு என்ன துணிச்சல்! படித்துவிட்டு உன் அண்ணி ஆண்டாயி அரை நாள் சிரித்தாள். ஆனாலும் நீ சொல்வது நிஜம். ஜெயாவுக்கு வந்த மூன்று இடமும் என் வாயால்தான் கெட்டது. ஒருத்தன் ஸ்கூட்டர் கேட்டான், போடா என்றேன். இன்னொருத்தன் வீட்டில் பெண்ணைப் பாடச் சொன்னார்கள், நீங்கள் முதலில் பாடுங்கள் என்றேன். மூன்றாவதை எழுதவே வெட்கம். பெண்ணுக்கு இருபத்து மூன்று ஆகிவிட்டது. அவள் வாயைத் திறந்து ஒன்றும் கேட்பதில்லை. அதுதான் எனக்குப் பயம். இந்த இடமும் தவறினால் அவள் முகத்தில் விழிக்க எனக்கு யோக்கியதை கிடையாது.

மாசி ஐந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை வருகிறோம். நான், ஆண்டாயி, அவள் தம்பி செல்லக்கண்ணு. அதற்கு முன் திங்கட்கிழமை சிறுவாச்சூர் போய் அம்மனுக்கு மாவிளக்குப் போட்டுவிடுகிறோம். நம் வழக்கம் தெரியுமல்லவா? பிடித்தால் அவர்கள் வீட்டில் கை நனைப்போம். பிடிக்காவிட்டால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்துவிடுவோம். கை நனைத்துவிட்டால் அது தாலி கட்டினதற்குச் சமானம், அப்புறம் பேச்சு மாறக்கூடாது. இதை அவர்களுக்கும் பக்குவமாகச் சொல்லி வை. வீட்டுக்கு வழி எழுது.

நல்லுசாமி


தரங்கம்பாடி
9-2-1978

அண்ணா, அவசரமாக இந்தக் கார்டு. எல்லாரும் நலம். மாயவரத்தில் ரயில் மாறி இங்கே இறங்குங்கள். தெருவுக்குள் நுழைந்ததும் இடது கை வரிசையில் மூன்றாம் வீடுதான் அரங்கநாதன் வீடு. நான் வாசலிலேயே நிற்பேன். ஒருவேளை ஏதாவது சோலியாக நான் வெளியே போயிருந்தாலும் கவலைப்படவேண்டாம், தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன். எக்காரணம் கொண்டும் தேதியைத் தள்ளவேண்டாம்.

சுந்தரா


தா.பழூர்
20-2-1978

சுந்தராவுக்கு. நாங்கள் க்ஷேமமாக ஊர் வந்து சேர்ந்தோம். நீங்கள் க்ஷேமமா என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. கோபமாக இருக்கிறேன். பதினோரு வருஷம் கழித்து உன் ஊருக்கு வந்தால் உன் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்குகிறது! மாயவரம் வரைக்கும் ஒரு சோலியாகப் போயிருக்கிறாளாம். அண்ணன் மகள் கல்யாணத்தைவிட என்னடி பெரிய சோலி? ஜவுளிக் கடையா?

சரி, நல்ல சேதியை முதலில் சொல்கிறேன். கை நனைத்துவிட்டோம்!

ஸ்டேஷனில் இறங்கியதும் செல்லக்கண்ணு, "கடலைப் பாக்காம என்னத்த சம்பந்தம் பேசுறது? நம்ம கொள்ளிடத்துல தண்ணி வந்தாலே வேடிக்கை பாப்போம், வாங்க மாமா" என்று இழுத்துக்கொண்டு போனான். ஆத்தாடி, என்ன தண்ணீர்! கரையே இல்லாத கொள்ளிடம். உன் அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மூன்று பேரும் முழங்கால்வரை நனைந்து, மணலும் சேறுமாகத் தெருவுக்குள் வந்தோம். இடது கை வரிசை, மூன்றாம் வீடு.

வாசலுக்குப் போவதற்குள் அந்த அம்மா ஓடி வந்தது. "வாங்க வாங்க, சுந்தராம்பா அண்ணன்தானே? மூஞ்சியே சொல்லுதே. ஏன் வெயில்ல நிக்கிறீங்க, உள்ள வாங்க" என்றது. பையன் கிணற்றில் தண்ணீர் இறைத்து எங்கள் காலுக்கு ஊற்றினான். கையெல்லாம் கரி, முழங்கைவரை மசகு. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வீட்டு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருக்கிறான் போல. கிளார்க் என்கிற செருக்கு கொஞ்சமும் இல்லை. அங்கேயே எனக்குப் பிடித்துவிட்டது.

பெண்ணைப் பற்றி அந்த அம்மா ஒரு கேள்வி கேட்கவில்லை. நகை பற்றிப் பேச்சே இல்லை. "பசியோட வந்திருப்பீங்க, சாப்பிடுங்க" என்பதே பேச்சு. நான் ஆண்டாயியைப் பார்த்தேன். அவள் தலையாட்டினாள். உட்கார்ந்துவிட்டோம். சோறு கொஞ்சம் குழைவு, மிளகு ரசம், பீர்க்கங்காய்க் கூட்டு, எதிலும் காரமே இல்லை. கடலோரத்து ஆட்கள் இப்படித்தான் சாப்பிடுவார்கள் போலிருக்கிறது. ஆனாலும் அந்த அம்மா போட்ட விதம் இருக்கிறதே, நான் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன். கை கழுவும்போது, "எங்களுக்குப் பரிபூரண சம்மதம்மா" என்றேன். அது செம்புத் தண்ணீரை என் கையில் ஊற்றிக்கொண்டே, "ரொம்ப சந்தோஷம்ண்ணே" என்றது. கண் கலங்கியிருந்தது.

அரங்கநாதன் என்று பெயர் சொன்னதுமே ஜெயா உள்ளே போய்விட்டாள். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். நிச்சயத்துக்கு நாள் கேட்டு எழுது. கோபம் பாதி குறைந்திருக்கிறது. மீதியை நேரில் தீர்த்துக்கொள்கிறேன்.

நல்லுசாமி


9-3-1978

அண்ணா அண்ணி பாதங்களுக்கு நமஸ்காரம். நாங்கள் நலம். உங்கள் கடிதம் தாமதமாகத்தான் கைக்குக் கிடைத்தது, மன்னியுங்கள்.

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நீங்கள் சாப்பிட்டது அரங்கநாதன் வீடு இல்லை.

எல்லாரும் ஊர் வாசல் பக்கமாகத்தான் தெருவுக்குள் வருவார்கள். அந்த நினைப்பில் இடது கை என்று எழுதினேன். நீங்கள் கடலைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கமாக நுழைந்திருக்கிறீர்கள். உங்கள் இடது கை எங்களுக்கு வலது கை ஆகிவிட்டது. நீங்கள் போனது நேர் எதிர் வீடு, செல்வம்மாள் அக்கா வீடு. பையன் உத்திராபதி, மீன்பிடி போட்டுகளுக்கு இன்ஜின் ரிப்பேர் செய்கிறவன். நீங்கள் வந்தால் பார்த்துக்கொள்ளச் சொல்லி நான்தான் அக்காவிடம் சொல்லியிருந்தேன். என் விருந்தாளிகள் என்று சோறு போட்டிருக்கிறது. நீங்கள் சம்மதம் என்றது அரங்கநாதன் வீட்டைப் பற்றி என்றே அது நினைத்துக்கொண்டிருக்கிறது.

அரங்கநாதனின் அம்மா ராசாத்தியம்மாள் கேசரியும் பஜ்ஜியும் செய்து வைத்துவிட்டுக் காத்திருந்தது. எதிர் வீட்டில் நீங்கள் கை கழுவுவதை ஜன்னலில் பார்த்துக் கதவைச் சாத்திவிட்டது. "எங்க வூட்டு வாசப்படி அவங்களுக்குக் கசந்துடுச்சா?" என்று கேட்கிறது. இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை அண்ணா. நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் சரியாகிவிடும். நான் வாசலில் இல்லாதது என் தப்பு. தவிர்க்க முடியாத வேலை.

சுந்தரா


தா.பழூர்
14-3-1978

சுந்தராவுக்கு. இங்கே நலம் என்று எழுதுவது பொய். மூன்று நாளாக நான் கடைத்தெருப் பக்கம் போகவில்லை. செல்லக்கண்ணுவோ கூச்சமே இல்லாமல், "கடல் நல்லாத்தான மாமா இருந்துச்சு" என்கிறான். அவனை அடிக்காமல் விட்டது ஆண்டாயியோடு கூடப் பிறந்த பாக்கியம்.

கேட்டுக்கொள். கை நனைத்தால் நனைத்ததுதான். ஒரு வீட்டில் உட்கார்ந்து சோறு தின்று சம்மதம் என்று சொல்லிவிட்டு, எதிர் வீட்டில் பெண்ணைக் கொடுத்தால், தினமும் அந்த அம்மா முகத்தில்தானே என் மகள் விழிக்கவேண்டும்? அதுவும் தவிர, எனக்குப் பிடித்தது காலுக்குத் தண்ணீர் ஊற்றிய அந்தப் பிள்ளையைத்தான். அரங்கநாதனை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

நடந்ததை ஜெயாவிடம் ஆண்டாயி சொன்னாள். அது சிரித்தது. அந்த மூன்று இடம் தவறின பிறகு அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "அப்பா கோவப்படாம சாப்புட்டு எழுந்த வூடு ஒண்ணு இருக்கா! நான் அங்கயே போறேம்மா" என்றாளாம். ஆகையால் நீ செல்வம்மாளிடம் போய்க் கேள். எங்கள் பெண்ணை எடுத்துக்கொள்ள இஷ்டமா என்று வாய்விட்டுக் கேள்.

இன்னும் ஒன்று. இவ்வளவு நல்ல பிள்ளை எதிரிலேயே இருக்கும்போது ஏன் முதலில் அவனைச் சொல்லவில்லை? உன் கடிதத்தில் மாயவரம் முத்திரை ஏன் குத்தியிருக்கிறது? மாப்பிள்ளை ஏன் ஒரு வரி எழுதவில்லை? வழக்கமாகக் கடைசியில் இரண்டு வரி கிறுக்குவாரே.

நல்லுசாமி


28-3-1978

அண்ணாவுக்கு. அனைவரும் நலம். அவருக்கு ஆபீசில் வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை.

செல்வம்மாள் அக்காவிடம் மட்டும் என்னால் எதுவும் கேட்க முடியாது. ஏன் என்று கேட்காதீர்கள். அவர்களிடம் கேட்கிற நிலைமையில் நான் இல்லை. ஜெயாவிடம் அத்தையை மன்னிக்கச் சொல்லுங்கள். ராசாத்தியம்மாளுக்கு எழுதிவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

சுந்தரா


தா.பழூர்
17-4-1978

அம்மாடி சுந்தரா,

நீ சுகமாக இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

போன திங்கட்கிழமை நான் அங்கே வந்தேன். உனக்குத் தெரியாது. இந்தத் தடவை ஊர் வாசல் வழியாக ஒழுங்காக நுழைந்தேன். முதலில் ராசாத்தியம்மாள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். நானா என்று நீ ஆச்சரியப்படுவாய். ஆமாம், நான்தான். அந்த அம்மா, "எங்க பையனுக்குச் சிதம்பரத்துல முடிவாயிடுச்சுங்க. நீங்க மனசுல வச்சுக்காதீங்க. உங்க தங்கச்சி ஆஸ்பத்திரியே கதின்னு கெடக்குறப்ப நாங்க கோச்சுக்கிட்டு என்ன ஆவப்போவுது?" என்றது.

எதிர் வீட்டுக்கு ஓடினேன். செல்வம்மாள் மாயவரம் ரயிலுக்காக டிபன் கேரியரை அடுக்கிக்கொண்டிருந்தது. குழைந்த சோறு. மிளகு ரசம். பீர்க்கங்காய்க் கூட்டு. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது சுந்தரா. அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து தின்றது மாப்பிள்ளைக்கும் உனக்கும் என்று வடித்த சோறு. காரமில்லை என்று நான் எழுதினேனே, நோயாளிச் சோற்றில் காரம் எப்படி இருக்கும்? நாங்கள் எழுந்து போன பிறகு அந்த அம்மா மறுபடி உலை வைத்து, உத்திராபதி அடுத்த வண்டியில் கொண்டுவந்தானாம். ஒரு வார்த்தை சொன்னார்களா எங்களிடம்? "நல்ல காரியமா வந்தவங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சுந்தராம்பா கேட்டுக்கிச்சு" என்கிறது.

கேரியரை நானே தூக்கிக்கொண்டு கூட வந்தேன். நீ மருந்து வாங்கப் போயிருந்தாய். மாப்பிள்ளையை உத்திராபதி தோளில் சாய்த்துக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தான். குடலில் ஆபரேஷன் ஆகி, புண் ஆறாமல் இரண்டு மாசமாக அங்கேதான் என்றான். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், நீங்க வந்தது அவளுக்குத் தெரிய வேணாம். பொண்ணு காரியத்தைக் கெடுத்துட்டோம்னு ஒடஞ்சு போயிடுவா" என்றார். சரி என்று வாக்குக் கொடுத்தேன். உன்னைப் பார்த்தால் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதிருப்பேன், அந்தப் பயத்திலும் திரும்பிவிட்டேன். ஒரு வாரம் தாக்குப்பிடித்தேன். இதற்கு மேல் முடியவில்லை. ஜவுளிக் கடையா என்று கேட்டேனே, என் வாயில் மண்ணைப் போட.

செல்வம்மாளிடம் பெண் பேச்சை நான் எடுக்கவில்லை. நீ ஏன் கேட்கமாட்டேன் என்றாய் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஜெயாவிடமும் சொன்னேன். "பரவால்லப்பா" என்றாள். அவ்வளவுதான்.

உன் அண்ணி வெள்ளிக்கிழமை வருகிறாள். மாப்பிள்ளை எழுந்து நடக்கும்வரை உன்னோடு இருப்பாள். வேண்டாம் என்று எழுதினால் நானும் சேர்ந்து வந்து உட்கார்ந்துவிடுவேன்.

அண்ணன்
நல்லுசாமி


தரங்கம்பாடி
14-5-1978

என் அண்ணனுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டோம். கூடத்திலிருந்து கிணற்றடிவரை தானாகவே நடக்கிறார். அண்ணி இல்லாவிட்டால் இந்த மாசம் எப்படிக் கழிந்திருக்கும் என்று தெரியவில்லை. அண்ணியை அனுப்பியதற்கும், என்னை ஒரு வார்த்தை திட்டாததற்கும் உங்களை நான் எப்படிக் கும்பிடுவது?

இப்போது சொல்கிறேன். ஜெயாவுக்கு முதலில் என் மனசில் பட்டவன் உத்திராபதிதான். ஆனால் தை மாசத்திலிருந்தே இவர் படுக்கையில். என் பையன் அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டான், தூங்கினான். அந்த நேரத்தில் போய் அண்ணன் மகளைக் கட்டிக்கொள்கிறீர்களா என்று கேட்டால், பட்ட உதவிக்குக் கைம்மாறாகப் பெண்ணைக் கொடுத்தாள் என்று ஆகிவிடாதா? அவர்களுக்கு இஷ்டமில்லாவிட்டாலும் என் முகத்துக்காக மறுக்க முடியாமல் போனால்? அந்தப் பயத்தில்தான் அரங்கநாதன் பக்கம் திரும்பினேன்.

ஆனால் கேளுங்கள். இவரை வண்டியிலிருந்து இறக்கிப் படுக்கவைத்த அன்றைக்கே அக்கா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டது. "ஏன்டி சுந்தரா, உங்கண்ணன் அன்னைக்குச் சம்மதம்னாரே, அது எந்த வூட்டுக்கு? ராசாத்தி என்னமோ சொல்றாளே" என்று கேட்டது. நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டது. "அடிப்பாவி! இவ்வளவு நல்ல மனுசன் எதுத்த வூட்டுக்குச் சம்பந்தியாப் போறாரேன்னு வயித்தெரிச்சல்ல தண்ணி ஊத்துனேன். நீ வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றது. உத்திராபதி அன்றிலிருந்து என் கண்ணில் படாமல் சுற்றுகிறான்.

ஆனி பிறந்ததும் உங்கள் வீட்டுக்கு அவர்கள் கை நனைக்க வருகிறார்கள்.

சுந்தரா

மச்சானுக்கு வணக்கம். வாக்குத் தவறியதற்கு நன்றி. இராமலிங்கம்.


தா.பழூர்
26-6-1978

சுந்தராவுக்கும் மாப்பிள்ளைக்கும். எல்லாரும் பூரண சௌக்கியம். நேற்று வந்தார்கள், சாப்பிட்டார்கள், ஆவணியில் முகூர்த்தம் முடிவாகிவிட்டது. சம்பந்தியம்மாவுக்கு நன்றி சொல்லவேண்டும் என்று நான் இரண்டு நாளாக வாக்கியம் சேர்த்து வைத்திருந்தேன். இலை முன்னால் நின்று ஆரம்பித்தேன், வாக்கியம் மறந்து அந்த அம்மா இலையையே பார்த்தேன். "ஏன்ண்ணே, கொழம்புல உப்பு கூடிடுச்சா?" என்று கேட்டுவிட்டது அந்த அம்மா. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கடைசிவரை சொல்லவே முடியவில்லை. நீ பக்கத்தில்தானே இருக்கிறாய், என் சார்பில் நீ சொல்லிவிடு.

உத்திராபதி நம் பம்புசெட்டைப் பிரித்து மாட்டிக் கொடுத்தான். ஜெயா தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. என் மகள் அன்று சாயங்காலம் முழுக்கப் பாடிக்கொண்டே பாத்திரம் துலக்கினாள்.

நல்லுசாமி


தரங்கம்பாடி
1-10-1978

அண்ணாவுக்கும் அண்ணிக்கும். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? கல்யாண அலைச்சலில் வந்த இருமல் நின்றதா? இவர் ஆபீசுக்குப் போக ஆரம்பித்துவிட்டார். ஜெயா சந்தோஷமாக இருக்கிறாள். சாயங்காலம் ஆனால் இரண்டு பேரும் தெருக்கோடிக்குக் கடல் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

நீங்கள் சொன்னதை நேற்றுத்தான் செய்யப் போனேன். அக்கா அடுப்படியில் இருந்தது. உங்கள் சார்பிலும் என் சார்பிலும் சேர்த்துச் சொல்லலாம் என்று, "அக்கா, நீங்க செஞ்சதுக்கெல்லாம்" என்று ஆரம்பித்தேன். அது கரண்டியைக் கீழே வைத்துவிட்டது. "போதும் நிறுத்து. ஒன்பது மாசமா என்னைப் பாக்குறப்பல்லாம் தலையைக் குனிஞ்சுக்கிட்டே நிக்கிற. எனக்கு அது எவ்வளவு சங்கடமா இருக்குது தெரியுமா? இப்ப நாம சம்பந்திங்க. இனிமே நீ எங்கிட்ட சண்டைதான் போடணும், நன்றி சொல்லக்கூடாது" என்றது.

சண்டையா, நானா என்று நின்றேன். கரண்டியை எடுத்துக் குழம்பை ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தேன். அண்ணா, அது என்ன புளி! ஜெயா நம் வீட்டில் இவ்வளவு புளிப்புச் சாப்பிட்டவளா? "ஏங்க்கா, எங்க வூட்டுப் பொண்ணுக்குப் பல்லு கூசிப்போகாதா? இப்படியா புளியைக் கரைச்சு ஊத்துவீங்க?" என்றேன். அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "எங்க வூட்டு மருமவளுக்கு எது புடிக்கும்னு எங்களுக்குத் தெரியும், நீங்க சொல்ல வேணாம்" என்றது. நானும் விடவில்லை. குரல் ஏறிவிட்டது. ராசாத்தியம்மாள் ஜன்னலைத் திறந்து வேடிக்கை பார்த்தது. ஜெயா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு வாயைப் பொத்திச் சிரித்தாள்.

கோபமாகவே வீட்டுக்கு வந்து படுத்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நேற்றுத்தான் நன்றாகத் தூங்கினேன் அண்ணா.

இப்படிக்கு
செல்வம்மாளின் சம்பந்தி
சுந்தராம்பாள்